விருந்தினன் அறம்

விருந்தோம்பலைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர்க்குச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. திருக்குறளின் 9ஆம் அதிகாரம் முழுவதும் அதற்கே உரியது. மழை பொழியும் நள்ளிரவில், பகலில் விதைத்த நெல்லை வாரிக்கொணர்ந்து அடியார்க்கு அமுது படைத்த இளையான்குடி மாறனாரைப் பெரிய புராணம் போற்றுகிறது. வாழையிலை அரியச் சென்ற மகன் அரவு தீண்டி இறந்த துயரை மறைத்துக்கொண்டு, நாவுக்கரசரை உண்ண அழைத்த அப்பூதியடிகளையும் அதே நூல் நமக்குக் காட்டுகிறது. இவ்வாறு, விருந்து அளிப்பவன் எவ்வாறு ஒழுகவேண்டும் என்பதற்கு நம் முன்னோர் வகுத்துவைத்த நெறி மிகப் பெரிது.

ஆயின், விருந்து ஏற்பவன் எவ்வாறு ஒழுகவேண்டும்? விருந்தளிப்பவனுக்கு ஓர் அறம் உண்டெனில், விருந்தினனுக்கும் ஓர் அறம் இருத்தல் வேண்டும் அன்றோ? படைத்ததை எல்லாம் உண்பதுதான் அவ்வறமா? தன் நோன்புக்கு ஒவ்வாததை மறுக்கும் உரிமை அவனுக்கு உண்டா? உண்டெனில், அம்மறுப்பின் எல்லை யாது? இவ்வினாக்கள் நூலகத்தில் அமர்ந்து எழுந்தவை அல்ல. அண்டை நாடான பூட்டானில், ஓர் எளிய இல்லத்தின் அடுப்படியில், கையில் கிண்ணத்தோடு அமர்ந்திருந்தபோது எழுந்தவை. அவ்வினாக்கள் நம் சொந்த வாழ்வின் பழைய கணக்கு ஒன்றையும் கிளறிவிட்டன. அதனையும் மறையாது உரைப்பதே நேர்மை என்று கருதி இதனை எழுதுகிறோம்.

எல்லை கடந்த பயணம்

நாம் நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிபவர், கொல்கத்தாவில் வாழ்ந்துவருபவர். 2023ஆம் ஆண்டுப் பூசை விடுமுறையில் துணைவியாரோடு பூட்டான் செல்ல எண்ணினோம். அரசு ஊழியன் அயல்நாடு செல்வதற்கு முன்னரே இசைவு பெறவேண்டும் ஆதலின், வழக்கமாகப் பிறருடைய விண்ணப்பங்களுக்குக் குறிப்பெழுதும் நாம், நம் விண்ணப்பம் மேசை மேசையாக நகர்வதைக் காத்திருந்து காணும் பேறு பெற்றோம். இந்தியர் அந்நாடு செல்லக் கடவுச்சீட்டு இன்றியமையாதது அன்று. வாக்காளர் அட்டையே போதும். ஆயினும், பெருந்தொற்றுக்குப் பின் 2022 செப்டம்பரில் மீண்டும் கதவு திறந்தது முதல், இந்தியப் பயணியரும் இரவொன்றுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் அந்நாட்டு அரசுக்குச் செலுத்தவேண்டும். மூன்று இரவுகளுக்கு இருவருக்குமாக 7,200 ரூபாய் என்று கணக்கிட்டபோது நம் எழுத்தர் உள்ளம் சற்றே சுருங்கியது உண்மை.

சியால்தாவில் இரவில் ஏறி, மறுநாள் ஹாசிமாரா நிலையத்தில் இறங்கி, ஜெய்காவ் என்னும் எல்லையூரை அடைந்தோம். வண்ணக் கோபுர வாயில் ஒன்றைக் கடந்தால் புன்ஷோலிங். வாயிலின் இப்புறம் வண்டிகளின் ஊதொலியும் நெரிசலும், அப்புறம் அமைதி. கடிகாரத்தையும் அரைமணி நேரம் முன்னே தள்ளிக்கொள்ளவேண்டும். அங்கிருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறிப் பாரோ பள்ளத்தாக்கை அடைந்தோம்.

ஐப்பசி தொடங்கும் காலம். வயல்களில் செந்நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. வீடுகளின் கூரைகள் எல்லாம் செக்கச் செவேலென்று தோன்றின. அருகே சென்றபோதுதான் அவை உலரவைத்த மிளகாய் என்று தெரிந்தது. நமக்கு மிளகாய் உணவுக்குக் காரம் ஊட்டும் பொருள். அவர்களுக்கோ அதுவே காய்கறி. எமா என்றால் மிளகாய்; தட்சி என்றால் பாலாடைக்கட்டி. நீளவாக்கில் கீறிய மிளகாயைப் பாலாடைக்கட்டியோடு வேகவைத்த எமா தட்சி இல்லாமல் அந்நாட்டில் ஒரு வேளை உணவு முற்றுப்பெறுவது அரிது. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஐரோப்பியர் கப்பல்களில் ஏறி 16ஆம் நூற்றாண்டில் இந்திய மண்ணை அடைந்த மிளகாய், மிளகின் பெயரையே தன் பெயரின் பாதியாக்கிக்கொண்டு தமிழர் சமையலறையுள் புகுந்தது போலவே, இமயத்தின் அடுக்களையிலும் புகுந்து குடியுரிமை பெற்றுவிட்டது. எங்கிருந்தோ வந்த விருந்தாளி வீட்டுக்காரன் ஆகிவிட்ட கதை இது.

அடுப்படியில் ஓர் அன்னை

நமக்கு வழிகாட்டியாக வந்த இளைஞர் இந்தியில் நன்கு உரையாடுபவர். நாங்கள் புலால் உண்ணாதவர் என்பதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டோம். இரண்டாம் நாள் மாலை, "அருகில்தான் எங்கள் சிற்றூர், அம்மா உங்களை உணவுக்கு அழைத்துவரச் சொன்னார்" என்றார். தயங்கினோம். தயக்கத்தை அவர் நாணமாகக் கொண்டார் போலும். வண்டி அவ்வூர்ப் பாதையில் திரும்பிவிட்டது.

மண்சுவரும் மரச்சட்டமுமாக அமைந்த மாடிவீடு. செங்குத்தான மரப்படிகளில் ஏறினோம். மேல்தளத்தில், அடுப்புக்கு எதிரே, வழவழப்பான மரத்தரையில் விரிப்பு இட்டிருந்தார்கள். சம்மணமிட்டு அமர்ந்தபோது, சாப்பாட்டு மேசை புகுமுன் நம் இல்லங்களில் இருந்த பழக்கம் நினைவுக்கு வந்து மனம் சற்று இளகியது. ஆனால் நிமிர்ந்து நோக்கியபோது, பலகணி ஓரம் கட்டிய கயிற்றில் இறைச்சிக் கீற்றுகள் வரிசையாகத் தொங்கிக் காய்ந்துகொண்டிருந்தன. துணைவியார் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

முதலில் வந்தது சுஜா. வெண்ணெயும் உப்பும் கூட்டிக் கடைந்த தேநீர். தேநீர் என்று எண்ணிப் பருகினால் திகைப்போம். கஞ்சித்தெளிவு என்று எண்ணிப் பருகினால் இன்புறுவோம். ஒரு வாய் பருகிக் கிண்ணத்தைக் கீழே வைப்பதற்குள் அவ்வன்னை மீண்டும் நிரப்பிவிடுவார். பின்னர் மூங்கிலால் பின்னிய கூடையில் ஆவி பறக்கும் செவ்வரிசிச் சோறு வந்தது. உண்ணுமுன் ஒரு பிடி சோற்றை உள்ளங்கையில் உருட்டிக் கையைத் துடைத்துக்கொள்ளும் பழக்கத்தை இளைஞர் செய்துகாட்டினார். எமா தட்சியும், உருளைக்கிழங்கு இட்ட கேவா தட்சியும், காளான் இட்ட ஷாமு தட்சியும் எங்களுக்கெனவே சமைக்கப்பட்டிருந்தன.

அகப்பையோடு அன்னை நெருங்கியபோது இளைஞர் சிரித்துக்கொண்டே ஒரு பாடம் சொன்னார். பரிமாற வரும்போது உடனே ஏற்பது அங்குப் பண்பாகாது. கையால் வாயை மூடிக்கொண்டு "மெஷு மெஷு" என்று சொல்லி மறுக்கவேண்டும். அவர்கள் வற்புறுத்துவார்கள். இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ இசையவேண்டும். இதைக் கேட்டதும் நமக்கு வியப்பைவிட உறவுணர்ச்சியே மிகுந்தது. இலைமீது இருகையையும் குறுக்கே வைத்துப் "போதும், போதும்" என்று கூறும் நம் ஊர்ப் பெரியவர்களும், அந்த விரலிடுக்கின் வழியே சோற்றைச் சரித்துவிடும் பாட்டியரும் கண்முன் வந்தனர். மறுப்பு என்பது எல்லா இடத்திலும் மறுப்பு அன்று. அன்பை இன்னும் ஒருமுறை கூறுவதற்கு மற்றவருக்கு வாய்ப்பளிக்கும் மறுப்பும் உண்டு.

அப்போது துணைவியார் நம் காதருகே மெல்லக் கேட்டார்: "இந்தச் சட்டிகளிலேதானே அதையும் சமைப்பார்கள்?" உண்மைதான், அவ்வீட்டில் அடுப்பும் ஒன்றே, அகப்பையும் ஒன்றே. நாம் தலையசைத்து, "இங்கே அதைக் கேட்கலாகாது" என்று அடக்கினோம். உண்டோம். காரத்தால் கண்ணீர் வழிய வழிய உண்டோம். அன்னை முகம் மலர்ந்தது.

உணவு முடிந்தபின் அவர் மகனிடம் ஏதோ கூறினார். மகன் மொழிபெயர்த்தார்: "எங்கள் நாட்டில் ஆண்டின் முதல் மாதத்திலும் நான்காம் மாதத்திலும் இறைச்சி விற்பனை கிடையாது. அவை புனித மாதங்கள். நாங்கள் இரண்டு மாதம் செய்வதை நீங்கள் பன்னிரண்டு மாதமும் செய்கிறீர்களாம். உங்கள் கருணை பெரிது என்கிறார் அம்மா."

அச்சொல் நம்மைக் குத்தியது.

மூன்று நிலைகள்

ஏன் குத்தியது என்பதைக் கூறுமுன், நோன்பும் விருந்தும் மோதும் இடத்தில் சான்றோர் கண்ட நெறிகளைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

பௌத்தத் துறவியர்க்கு வகுக்கப்பட்ட பழைய நெறி ஒன்று உண்டு. கலத்தில் இடப்பட்டதை ஏற்கவேண்டும். இறைச்சியாயினும், அவ்வுயிர் தமக்கெனக் கொல்லப்பட்டதைக் கண்டிலேன், கேட்டிலேன், ஐயுற்றிலேன் என்ற மூவகைத் தூய்மை இருப்பின் குற்றமில்லை. பிச்சை ஏற்று வாழ்பவன் இடுபவனைத் தேர்ந்தெடுக்கலாகாது, இடும் பொருளையும் தேர்ந்தெடுக்கலாகாது என்னும் பணிவு இதன் உட்பொருள். பூட்டானிய மக்கள் கொல்வதற்கு அஞ்சுபவர். ஆயினும் இறைச்சி உண்பவர். அந்நாட்டில் உண்ணப்படும் இறைச்சியில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்தே செல்கிறது. கொல்லும் பழி எல்லைக்கு இப்பாலும், உண்ணும் சுவை எல்லைக்கு அப்பாலும் இருக்கின்றன.

வள்ளுவர் இதனை ஏற்கமாட்டார். 26ஆம் அதிகாரமாகிய புலால் மறுத்தலில், உண்பதற்கென்று வாங்குவோர் இல்லையேல் விற்பனைக்கென்று கொல்வோரும் இரார் என்னும் கருத்தை அவர் தெளிவாக நிறுவுகிறார். கொன்றவன் வேறு, தின்றவன் வேறு என்று பழியைப் பங்கிட்டுத் தப்பிக்க இயலாது. ஆகவே, விருந்தளிப்பவர் மனம் நோகும் என்பதற்காகப் புலால் நோன்பைக் கைவிடுதல் வேண்டுமா என்றால், வேண்டுவதில்லை என்பதே நம் துணிபு. உயிரின் பொருட்டுக் கொண்ட நோன்பு ஒரு மாலைப்பொழுதின் முகமலர்ச்சிக்காக விற்கத்தக்கது அன்று.

எனினும், நோன்பைக் காப்பதற்கும் ஒரு முறை உண்டு. அதனை நாம் கம்பரிடம் காண்கிறோம். கங்கைக் கரையில் குகன் இராமனைக் காண வருகிறான். தேனும் மீனும் கொணர்கிறான். தவவேடம் பூண்ட இராமன் அவற்றை உண்ணவில்லை. ஆயினும் இகழவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை, தன் நோன்பை விளக்கி உரையாற்றவுமில்லை. அன்போடு கொணர்ந்தவை அமுதினும் சிறந்தவை, தூயவை, தாமும் உண்டதற்கு ஒப்பே என்று சொல்லிக் குகனைத் தழுவிய உள்ளத்தோடு ஏற்கிறான். பொருளை உண்ணாமலே அன்பை உண்டுவிட்டான். உணவு வேறு, உணவளிக்கும் கை வேறு என்று பிரித்துக் காணத் தெரிந்தவனே நோன்பு காக்கத் தகுதியுடையவன்.

பாரதத்தில் இதன் மறுபக்கம் உள்ளது. தூது சென்ற கண்ணன், துரியோதனன் சமைத்து வைத்திருந்த அரச விருந்தை மறுத்துவிட்டு, பணிப்பெண் வயிற்றில் பிறந்த விதுரன் இல்லத்தில் உண்கிறான். அங்கு உணவு குற்றமுடையது அன்று. அளித்த உள்ளமே குற்றமுடையது. ஒருவன் கையை மறுக்க நியாயம் வேண்டுமெனில், அந்நியாயம் அவன் நெஞ்சில் இருக்கவேண்டுமே ஒழிய, அவன் பிறப்பில் இருத்தல் கூடாது.

ஒரு குவளைத் தண்ணீர்

இனி நம் கணக்குக்கு வருவோம்.

அன்றிரவு விடுதியில், கணப்படுப்பின் அருகே அமர்ந்திருந்தபோது துணைவியார் கேட்டார்: "இன்று சட்டியைப் பற்றிக் கேட்கவும் கூடாது என்றீர்களே, அன்று தப்தரி வீட்டில் மட்டும் ஏன் உண்ணவில்லை?"

2003ஆம் ஆண்டு. நாம் பணியில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் பிரிவில் கோப்புகளைத் தைத்துக் கட்டி அடுக்கும் தப்தரி ஒருவர் இருந்தார். வங்காளியர், முன்னோர் தோல்தொழில் செய்தவர்கள். மொழி அறியாது தவித்த நமக்கு வங்காளி எழுத்தும் பேச்சும் கற்பித்தவர் அவரே. பேரனுக்கு முதற்சோறு ஊட்டும் சடங்குக்கு எங்கள் இருவரையும் அழைத்தார். "நீங்கள் மீன்கூட உண்ணமாட்டீர்கள் என்று தெரியும். புதுப்பானை வாங்கி வைத்திருக்கிறேன்; உங்களுக்குத் தனியே சமைப்போம்" என்றார்.

சென்றோம். குழந்தையின் கையில் அன்பளிப்பு உறையை வைத்தோம். இலை போட்டு அழைத்தபோது, "நாங்கள் சைவம், வெளியே உண்பதில்லை" என்றோம். புதுப்பானையை அவர் நினைவூட்டினார். வயிறு சரியில்லை என்றோம். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்னர் உள்ளே சென்று, ஒரு தட்டில் இனிப்பும் ஒரு குவளையில் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினார். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, அதையும் தொடாமல் படியிறங்கினோம்.

தண்ணீரில் புலால் ஏது? அந்தக் குவளைதான் நம் பொய்யை நமக்கே மெய்ப்பித்த சான்று. நாம் மறுத்தது மீனையன்று, அந்தக் கையை. புலால் மறுத்தல் என்னும் பேரறத்தின் போர்வையை, பிறப்பு நோக்கும் சிறுமைக்குப் போர்த்தினோம். அவர் அதனை அறிந்தார் என்பதற்கு ஒரே அடையாளம், அதன்பின் பணி ஓய்வு பெறும்வரை எத்துணையோ முறை தம் வீட்டு நிகழ்ச்சிகளை நமக்கு அறிவித்தார். ஒருமுறையேனும் உண்ண அழைத்தாரில்லை. நட்பில் குறைவைக்கவில்லை. உணவைப் பற்றிய பேச்சை மட்டும் விட்டுவிட்டார். 2017இல் அவர் மறைந்தார்.

பூட்டானிய அன்னை நம் மறுப்பைக் கருணை என்று போற்றியபோது குத்தியது இதுவே. நம் நோன்பு கருணையால் விளைந்ததாயின், அது மனிதர்மேல் அல்லவா முதலில் சுரந்திருக்கவேண்டும்?

அயலார் இல்லமும் அடுத்த தெருவும்

ஓர் ஐயம் எழலாம். அன்று இளமை, இன்று பக்குவம். இருபது ஆண்டுகளில் மனம் விரிந்தது என்று கொள்ளலாகாதா? அவ்வாறு நம்மைத் தேற்றிக்கொள்ளவே விழைந்தோம். ஆனால் ஆழ்ந்து எண்ணினால் அது முழு உண்மை அன்று.

உண்பது என்பது பசி தீர்ப்பது மட்டும் அன்று. அது ஓர் ஒப்பந்தம். ஒருவர் வீட்டில் உண்டால், நாளை அவரை நம் வீட்டில் உண்ணுமாறு அழைக்கவேண்டும். அவர் நம் அடுக்களைக்கு அருகே அமர்வார்; நம் பிள்ளைகளும் அவர் பிள்ளைகளும் சேர்ந்து உண்பர். இலையில் தொடங்கும் சமன்மை எங்கே சென்று முடியும் என்பது பழைய கட்டுப்பாட்டுக்காரர்களுக்கு நன்கு தெரியும். அதனால்தான் அவர்கள் இலையிலேயே தடுத்தார்கள். அயல்நாட்டு இல்லத்தில் இந்த அச்சம் இல்லை. பாரோ அன்னை நம் வீட்டுக்கு வரப்போவதில்லை. மூன்று நாளில் நாம் எல்லை கடந்துவிடுவோம். அங்கே காட்டிய தாராளம் விலை கொடாத தாராளம். அதனைப் பண்பாடு என்று மெச்சிக்கொள்வது, கடன் கேட்க வாய்ப்பே இல்லாதவனிடம் "வேண்டியபோது கேள்" என்று சொல்லுவதைப் போன்றது.

அயல்நாடு சென்று அங்குள்ள உணவை முகம் சுளிக்காமல் உண்பவர் இன்று பலர். அவர்களுள் எத்துணைப் பேர் தம் அலுவலகக் கடைநிலை ஊழியர் வீட்டிலும், தம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்மணியின் குடிசையிலும் ஒரு வாய் உண்டிருப்பர்? விருந்தினன் அறத்தை அளக்கும் கோல் எல்லைக்கு அப்பால் இல்லை. அடுத்த தெருவில் இருக்கிறது.

மோந்தால் வாடும் அனிச்சத்தைவிட மென்மையானவன் விருந்தினன். முகம் மாறி நோக்கினாலே வாடிவிடுவான் என்பது வள்ளுவர் கருத்து. இதனை விருந்தளிப்பவனுக்கு இட்ட ஆணையாகவே இதுநாள்வரை படித்துவந்தோம். திருப்பிப் படிக்கவும் இடமுண்டு என்பதைக் காலம் கடந்து உணர்ந்தோம். தட்டை ஏந்தி நிற்பவர் முகமும் அனிச்சமே. நாம் அன்று அதனை வாடச் செய்தோம்.

முடிவாக

எனவே விருந்தினன் அறம் என்று நாம் தெளிந்தவை இவை. உயிரின்பொருட்டுக் கொண்ட நோன்பை எங்கும் விடவேண்டுவதில்லை. அதனை முன்கூட்டியே பணிவோடு சொல்லிவிடுதல் நன்று. உண்ண இயலாத பொருளை மறுக்கலாம். மறுக்கும்போது, ஏற்கத்தக்க வேறொன்றைத் தாமே கேட்டு வாங்கிப் பருகவேண்டும், அது தண்ணீரேயாயினும். அடுப்பையும் பானையையும் குலத்தையும் ஆராய்வது நோன்பு ஆகாது. நம் நோன்பின் சுமை நம் தோளில் இருக்கவேண்டும். அழைத்தவர் நெஞ்சில் அதனை இறக்கிவைத்தல் அறமாகாது.

கொல்கத்தா திரும்பிய பின், ஒரு ஞாயிறு மாலை, அந்தத் தப்தரியின் இல்லத்தைத் தேடிச் சென்றோம். மனைவியார் இருந்தார், முதுமையால் பார்வை மங்கியிருந்தது. அலுவலகத்து நண்பர் என்று சொன்னோம். அவருக்கு நம்மை நினைவில்லை. வந்தவர்க்கு வெறும் தண்ணீர் கொடுப்பது வங்காள வழக்கம் அன்று. ஆகவே ஒரு தட்டில் இரண்டு பதாசாவும் ஒரு குவளைத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். நாம் மறுமுறை கூறச் செய்யவில்லை. "மெஷு மெஷு" என்றும் சொல்லவில்லை. பதாசாவை உண்டு, தண்ணீரை முழுவதும் பருகினோம்.

நீட்டியவர் போய்விட்டார், இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. பருகிய அந்நீர் பழைய கடனைத் தீர்த்துவிட்டதென்று சொல்லமாட்டோம். விடைபெறும்போது அடுத்த ஞாயிறு துணைவியாரோடு வருவதாகவும், உணவும் இங்கேதான் என்றும் கூறினோம். அம்மூதாட்டி, "மீன் சமைக்கட்டுமா?" என்று வினவினார். "மீன் வேண்டா அம்மா, பருப்பும் சோறும் போதும், உங்கள் பானையிலேயே சமையுங்கள்" என்றோம்.